ஒரே வால்வு, மூன்று பெட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு றேடியோ இரைந்தால் அந்த இரைச்சல் வினாடிக்கு 100 அதிர்வு. ரொறன்ரோவில் 120. அங்கே மின்சாரம் 50 சுற்று, இங்கே 60. நேர்மின்னாக்கும்போது அது இரட்டிக்கும். 1986-இல் இங்கே முதல் வேலைக்குப் போன அன்று, மேசையில் கிடந்த ஒரு பெட்டியைப் போட்டதும் எழுந்த உறுமல் எனக்குச் சுருதி தப்பிக் கேட்டது. பத்து வருடமாக 100-க்குப் பழகிய காது அது. ஆனால் கோளாறு ஊரில் பார்த்த அதே கோளாறுதான்: வடிகட்டும் கொண்டென்சர் காய்ந்துபோயிருந்தது. கடைக்காரர் மற்றப் பெட்டியை முடிப்பதற்குள் நான் அதை மாற்றிவிட்டேன். வேலை கிடைத்தது.

அந்தப் பெட்டிக்குள்ளே இரண்டு ஈஎல் 84 வால்வுகள் இருந்தன. ஊரை விட்டு வந்து மூன்று மாதத்தில், பார்த்த உடனே பெயர் சொல்லக்கூடிய ஒன்றை அன்றுதான் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் 17 வயதில் தொழில் பழகப் போனேன். முதலாளியை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ட்ரான்சிஸ்ரர் வந்துவிட்ட காலம் என்றாலும், பெரிய வீடுகளில் இருந்த ஐரோப்பிய மேசை றேடியோக்கள் திருத்த வந்துகொண்டேயிருந்தன. பச்சைக் கண் மினுங்கும் அந்தப் பெட்டிகள் பலவற்றில் கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கரைத் தள்ளுகிற இடத்தில், ஒற்றை ஈஎல் 84 நிற்கும். சின்னவிரல் நீளம், ஒன்பது ஊசி. அமெரிக்காக்காரர் அதையே 6 பிகியூ 5 என்பார்கள்.

மாஸ்டர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் கையைப் பற்றியது. "திறந்த பெட்டிக்குள்ள வலக்கை மட்டும்தான் போகவேணும். இடக்கையை முதுகுக்குப் பின்னால வை." இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையால் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையால் இறங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொண்டென்சருக்குள் 300, 400 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அதை ஒரு றெசிஸ்ரர் வழியாக வடியவிட்டு, மீற்றரால் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். இன்றைக்கும் இடக்கை தானாகப் பின்னால் போய்விடும்.

இரண்டாவது பாடம் ஒழுங்கு. "குரல் உடையுது எண்டு கொண்டுவந்தால் முதல் ஸ்பீக்கரைப் பார் தம்பி, பிறகு வால்வைப் பார், கடைசியாத்தான் மற்றதெல்லாம்." அவர் அதைக் கோளாறு பிடிக்கும் ஒழுங்காகச் சொன்னார். கிற்றார் அம்பிளிபயர் வாங்குகிறவனுக்கும் அதே ஒழுங்குதான் என்று எனக்குத் தெரியவர இருபது வருடத்துக்கு மேல் சென்றது.

உடைந்த குரலைச் சரிசெய்வதுதான் அங்கே என் வேலை. இங்கே வந்தால், அந்த உடைவுக்கே ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். கிற்றாரை மெல்ல மீட்டினால் தெளிவாக இருக்கவேண்டும். அழுத்தினால் குரல் தடித்து, ஓரத்தில் கரகரத்து, அழுவதுபோல நீளவேண்டும். வால்வு தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலையை ஒரேயடியாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். சத்தம் பெருக்குவதில் அது குறை. ஒரு தலைமுறைக் கிற்றார்காரர் அந்தக் குறையைத் தங்கள் குரலாக்கிக்கொண்டார்கள். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தது. விளங்கிய பிறகு இந்தத் தொழிலை விட்டு வேறொன்றுக்கும் போக மனம் வரவில்லை.

முதல் நாள் திருத்திய அந்தப் பெட்டி ஒரு ட்ரெய்னர் கிற்றார் மேற். இந்த ஊர்ச் சரக்கு. பீற் ட்ரெய்னர் என்பவர் லோங் அண்ட் மக்குவேட் இசைக்கருவிக் கடையில் திருத்துநராக இருந்தவர். 1963-இல் ஜாக் லோங்கோடு சேர்ந்து யோர்க்வில் சவுண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய பேஸ் மாஸ்டர், பென்டரின் 5 எஃப் 6 ஏ பேஸ்மன் சுற்றைப் பின்பற்றியது. இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 60-களின் தொடக்கத்தில் கட்டிய ஜேடிஎம் 45 பிறந்ததும் அதே பேஸ்மனில் இருந்துதான். வாடகைக்குப் போய்த் திரும்பும் பெட்டிகளாகத் தொடங்கியதால் ட்ரெய்னர் அம்புகள் அடிபட்டாலும் தாங்கும்படி கட்டப்பட்டன. கூரையிலிருந்து கீழே எறிந்து பார்ப்பார்கள் என்று இங்கே பழைய ஆட்கள் இன்றும் கதைப்பார்கள்.

பூட்டிக் அம்ப் என்பது இதற்கு அடுத்த காலத்துக் கதை. பெரிய கொம்பனிகள் செலவைக் குறைத்து, அச்சிட்ட பலகைக்கும் ட்ரான்சிஸ்ரருக்கும் மாறியபோது, பழைய சுற்றுகளைக் கையாலேயே கட்ட சில தனிமனிதர்கள் இருந்தார்கள். கலிபோர்னியாவில் அலெக்ஸாண்டர் டம்பிள். நியூ ஜேர்சியில் கென் ஃபிஷர். டம்பிள் தன் சுற்றை மற்றவர்கள் பார்த்து எழுதாதபடி அதன்மேல் எப்பொக்சியை ஊற்றி மூடினார். 2022-இல் அவர் இறந்தபோது அவருடைய ஓவர்டிரைவ் ஸ்பெஷல் ஒன்று 100,000 அமெரிக்க டொலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஃபிஷர், அம்பெக்கில் வேலைசெய்துவிட்டு வந்தவர். தன் ட்ரெயின்ரெக் அம்புகளுக்குத் தொடர் இலக்கம் போடாமல் பெண்களின் பெயரை வைத்தார். தெரிந்ததை மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். 2006-இல் மறைந்தார். இந்த இரண்டு பேரின் பெட்டிகளில் ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை; அதனால் அவற்றின் தொனியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் திறந்து பார்த்தவை அதற்கடுத்த வரிசை. 1988-இல் கிளீவ்லாண்டில் மைக் ஸைற் தொடங்கிய டொக்டர் ஸீ. 1989-இல் லொஸ் ஏஞ்சல்ஸில் மார்க் சாம்ப்சனும் கூட்டாளிகளும் தொடங்கிய மட்ச்லெஸ். மட்ச்லெஸ்ஸின் டிசி 30, இங்கிலாந்தின் வொக்ஸ் ஏசி 30-ஐ மனதில் வைத்துக் கட்டியது: நான்கு ஈஎல் 84, 30 வாட். டொக்டர் ஸீயின் மாஸ் 18-இல் இரண்டு ஈஎல் 84, 18 வாட். என்னிடமுள்ள ஒரு கிற்றார் மேற்றிலும் இரண்டு ஈஎல் 84. மூன்று விலை, மூன்று காலம், ஒரே வால்வு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கூட்டு அமையாது.

அந்த ஒப்பீட்டுக்குக் காரணம் ஒரு தம்பி. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன். வார இறுதியில் நகரத்துக்குள் ஒரு சின்ன பாரில் புளூஸ் வாசிப்பான். 2019 மாசி மாதம் ஒரு ஞாயிறு, நடுங்கிக்கொண்டு என் பேஸ்மென்ற்றுக்குள் வந்தான்.

"அங்கிள், ஒரு டிசி 30 பார்த்துவைச்சிருக்கிறன். புதுசு எண்டால் 4,000 யூஎஸ்ஸுக்கு மேல. குடுக்கலாமா?"

"எவ்வளவு சத்தத்தில வாசிக்கிறாய்?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனில் பிழை இல்லை. அம்ப் வாங்க வருகிறவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருப்பது குறைவு.

இரண்டு கிழமை கழித்து ஓர் ஒப்பீட்டை ஒழுங்குசெய்தேன். எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து டிசி 30 ஒரு நாளுக்கு வந்தது. மாஸ் 18 ஒன்று திருத்த வந்திருந்தது. சொந்தக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். மூன்றையும் ஒரு பழைய வேட்டிக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன். மூன்றும் ஒரே ஸ்பீக்கர் பெட்டி வழியாக, 98 டெசிபல் உணர்திறன் உள்ள ஒரு செலெஸ்ஷன் கிரீன்பாக் வழியாக, பேசவேண்டும் என்பது ஏற்பாடு. வால்வு அம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிடக்கூடாது; வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒன்றை முழுதாக நிறுத்தி, கம்பியை மாற்றி, அடுத்ததைப் போட்டு, சூடேறும் மட்டும் பொறுத்திருந்தோம். டிசி 30-ஐப் பின்பக்க ஸ்விட்சால் பாதிச் சக்திக்கு இறக்கிவைத்தேன். ஒவ்வொன்றையும் சத்த மீற்றரால் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இந்தப் படியைத்தான் கடைகளில் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஒரு டெசிபல் கூடக் கேட்கும் பெட்டியைக் காது சத்தம் கூட என்று சொல்லாது, நல்லது என்றுதான் சொல்லும்.

முதலில் வீட்டுச் சத்தம், மீற்றரில் 75. வேட்டிக்கு இந்தப் பக்கம் அவன் தன் டெலிகாஸ்ரரோடு இருந்தான். பத்து முறை மாற்றினேன். பத்தில் நான்கைத்தான் சரியாகச் சொன்னான். மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். பிறகு அவனையே மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லி நானும் கேட்டேன். என் கணக்கும் அவ்வளவுதான். படுக்கையறையில் வாசிக்கிறவனுக்கு அந்த மூன்று விலைக்கும் தொனியில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதை அன்று என் காதாலேயே கேட்டேன்.

பிறகு 100-க்கு ஏற்றினோம். மேலே சமையலறையில் கோப்பை கிலுங்கியது. இப்போது பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னான்.

கிற்றார் மேற்றில் தடித்த தந்தியை அடித்தால் அடி கரைந்துபோகிறது. மேல் சுரங்கள் பாடுகின்றன, கீழே மண் ஈரமாகிவிடுகிறது. மாஸ் 18-இல் அடி நிற்கிறது, நடுக்குரல் முன்னுக்கு வருகிறது. டிசி 30-இல் ஆறு தந்தியையும் ஒன்றாக இழுத்தாலும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தனியாக நிற்கிறது.

ஆனால் அன்று எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. மூன்றாவது தந்தியில் ஒரே சுரத்தை மெதுவிலிருந்து பலம் வரைக்கும் திருப்பித் திருப்பி மீட்டச் சொன்னேன். கிற்றார் மேற்றில் தெளிவு இருக்கிறது, உடைவு இருக்கிறது. நடுவில் ஓர் எட்டுத்தான். மாஸ்ஸில் நாலைந்து படி. டிசி 30-இல், ஈஎஃப் 86 வால்வு உள்ள இரண்டாவது வழியில், படிகளை எண்ண முடியவில்லை. விரல் நுனியை எவ்வளவு நுணுக்கமாக மாற்றினானோ அவ்வளவுக்குக் குரலும் மாறியது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தன் விரலைப் பார்த்தான். பூட்டிக் அம்புக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். மற்றதெல்லாம் பெட்டியின் தோலும் பெயர்ப்பலகையும்.

அந்தக் காசு உள்ளே எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் முதல் இடம் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர். வால்வு பார்க்கவேண்டிய சுமை பல ஆயிரம் ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அந்த இரும்புத் துண்டு. இரும்பு குறைந்தால் தாழ்ந்த சுரங்களில் அது நிறைந்து திணறும். சுற்றுக்களைப் பின்னிப் பின்னிச் சுற்றாவிட்டால் மேல் சுரங்கள் மழுங்கும். கையில் எடுத்தாலே நிறை தெரியும். அடுத்தது மின்வழங்கல். மாஸ்ஸிலும் டிசி 30-இலும் ஜிஸெட் 34 என்ற வால்வு மின்னோட்டத்தை நேராக்குகிறது. திடீரென்று பலமாக அடித்தால் வோல்ட் ஒரு கணம் தொய்ந்து மீளும். விரலுக்கு அது அம்ப் மூச்சு எடுப்பதுபோல் இருக்கும். மூன்றாவது, கம்பி போட்ட ஒழுங்கு. எந்தக் கம்பி எதன் பக்கத்தில் ஓடுகிறது, நிலக்கம்பிகள் எங்கே சந்திக்கின்றன என்பதில்தான் ஓர் அம்பின் அமைதி இருக்கிறது. இது கட்டுகிறவரின் கைப்பழக்கம், வரைபடத்தில் கிடையாது.

கொண்டென்சர் பற்றி ஒரு கடனைச் சொல்லித் தீர்க்கவேண்டும். 90-களின் நடுவில் நானும் விலையுயர்ந்த கொண்டென்சர்களை நம்பினேன். எண்ணெயில் ஊறிய காகிதம், பழைய நிறம், பழைய பெயர். ஒரு முதியவரின் அம்பில் நல்ல நிலையில் இருந்தவற்றைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டு 180 டொலர் வாங்கினேன். அவர் சந்தோஷமாகத்தான் போனார். சில மாதம் கழித்து, ஒரே பெறுமானமுள்ள இரண்டு கொண்டென்சர்களை ஒரு ஸ்விட்சில் கட்டி, எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு மாலை முழுக்கக் கேட்டும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெறுமானம் மாறினால் குரல் மாறும், அது உண்மை. விலைச்சீட்டு மாறினால் மாறாது. அவருக்கு அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் பழுதாகாத கொண்டென்சரைத் தொனிக்காக மாற்றியதில்லை.

கையால் கட்டியது எல்லாம் நல்லது என்ற எண்ணத்தையும் விட்டேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்னக் கட்டுநரின் பெட்டி ஒருமுறை வந்தது. உள்ளே கம்பிவேலை கோயில் கோலம் மாதிரி. ஆனால் போட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு ஈஎல் 84-இன் உள்தகடு செவ்வரளிப் பூ நிறத்தில் பழுத்தது. அந்த வால்வுக்குத் தாள்படி உச்சம் 300 வோல்ட், 12 வாட். அதை 350-க்கு மேல் ஓட்டியிருந்தார்கள். போதாததற்கு இந்த வீட்டுச் சுவரில் 123 வோல்ட். வால்வுக்குக் கீழே இருந்த றெசிஸ்ரரின் பெறுமானத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைத்தேன். குரலில் ஒன்றும் குறையவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை வால்வு மாற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு வருடம் திரும்பி வரவில்லை. பழைய அம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்வேன்: 60-களின் பெட்டிகள் 110, 117 வோல்ட்டுக்குக் கட்டியவை, இன்றைய சுவர் அவற்றுக்குச் சற்று அதிகம்.

அப்படியும், கையால் கட்டியதில் ஒரு பெறுமதி இருக்கிறது. முப்பது வருடம் கழித்தும் ஒருவர் திறந்து, ஒரு துண்டை எடுத்து, இன்னொரு துண்டை வைக்கலாம். வால்வுத் தாங்கியை அச்சிட்ட பலகையிலேயே பொருத்திய மலிவான அம்புகளில், வால்வின் சூடு ஈயத்தை வெடிக்கவைக்கும். பலகை கருகினால் முனைகளைத் தேடித் தேடிக் கம்பியால் பாலம் போடவேண்டும். வாங்கப் போகிறவர்களிடம், விற்பவரை மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லும்படி நான் சொல்லுவது இதற்காகத்தான்.

அன்று மாலைக்கு வருகிறேன். மூன்றையும் கேட்டு முடித்தபின் மாஸ்டரின் ஒழுங்கு நினைவுக்கு வந்தது: முதல் ஸ்பீக்கர். தம்பியிடம் ஏற்கெனவே ஒரு கிற்றார் மேற் இருந்தது. 400 டொலருக்கு வாங்கியது, அதில் 70-களின் ஸ்பீக்கர், கடதாசி தளர்ந்துபோனது. அந்த அம்பையே முதலில் அதன் சொந்த ஸ்பீக்கரிலும், பிறகு 100 டெசிபல் உணர்திறன் உள்ள ஒன்றிலும் போட்டோம். மீற்றரில் 5 டெசிபல் ஏறியது. 3 டெசிபல் என்றாலே வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சத்தம் மட்டுமல்ல, அடி இறுகியது, மேல் சுரங்களிலிருந்த கம்பளி கழன்றது. மூன்று அம்புகளுக்கும் இடையில் கேட்ட வித்தியாசத்தைவிட இந்த ஒரு மாற்றம் பெரிது.

"அப்ப டிசி 30 வேண்டாமா அங்கிள்?"

"வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். அடுத்த முறை பாருக்குப் போகேக்க இந்த மீற்றரையும் கொண்டுபோ."

கொண்டுபோனான். மேடையில் அவன் நிற்கும் இடத்தில் 92. டிசி 30 தன் படிகளைக் காட்டும் சத்தத்துக்கு அந்த பார் இடம் கொடுக்காது. புதிய ஸ்பீக்கரைப் பூட்டினேன், வடிகட்டும் கொண்டென்சர்களை மாற்றினேன், எல்லாம் சேர்த்து 350 டொலருக்குள் முடிந்தது. டிசி 30-ஐ அதற்குரியவர் ஒப்பீடு செய்த அன்று மாலையே வந்து எடுத்துப்போயிருந்தார். பெரிய மண்டபங்களில் வாசிக்கும் மனிதர் அவர். அந்தப் பெட்டி இருக்கவேண்டிய இடம் அவர் கைதான்.

2022 பங்குனியில் ரஷ்யா வால்வு ஏற்றுமதியை நிறுத்தியதும் விலை பறந்தது. சரடோவ் நகரத்துத் தொழிற்சாலையை நம்பியிருந்தவர்கள் எல்லாரும் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே பக்கம் திரும்ப, அங்கேயும் தட்டுப்பாடு. அந்த வேனிலில் தம்பியின் கிற்றார் மேற்றில் ஒரு வால்வு போய்விட்டது. எங்கள் வீதியில் ஒரு வயோதிபத் தம்பதி வீடு மாறும்போது ஒரு கிருண்டிக் றேடியோகிராம் பெட்டியைக் குப்பைக்கு வைத்திருந்தார்கள். கேட்டு எடுத்துவந்தேன். பின் பலகையைக் கழற்றினால் ஈஎல் 84 இரண்டு. கண்ணாடியில் எழுத்து பாதி அழிந்திருந்தது. சோதனைக் கருவியில் இரண்டும் நன்றாக நின்றன. பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் கிலுங்கவில்லை.

அவற்றைத் தம்பியின் அம்பில் பூட்டி, இடக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டத்தை அளந்தேன். 120-இன் இரைச்சல் அடியில் மெல்லிதாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை அவன் வந்து எடுத்துக்கொண்டு நேரே பாருக்குப் போனான்.